அடுப்படிக்கு ஒரு ரிலீவர்

என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆன மறுநாள் காலையில் என் சமையலறைக்கு ஒரு சூப்பர்வைசர் வந்து சேர்ந்தார். ஆள் புதியவரில்லை. முந்தின நாள் வரைக்கும் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓட்டிக்கொண்டிருந்தவர்தான். மாலையும் சால்வையுமாக ஜீப்பில் கொண்டுவந்து குவார்ட்டர்ஸ் வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். சால்வையின் மடிப்புகூடக் கலையவில்லை, மனிதர் அடுப்படி வாசலில் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"இந்த கேஸ் டியூபு எப்ப மாத்தினது?"

தெரியாது என்றேன்.

"கத்தி மேடை ஓரத்துல கெடக்குது. கீழ தண்ணி சிந்தியிருக்கு. ஸ்டூலுக்கு ஒரு காலு ஆடுது. நிக்கிற எடத்துல மூணு ஆபத்து வெச்சிகினு நீ பாட்டுக்கு வேலை செய்யற."

"அந்த ஸ்டூலு நம்ம பையன் எல்.கே.ஜி. போறப்பலேருந்து ஆடிகினு இருக்கு. நீங்க இன்னிக்குத்தான் பாக்கறீங்க."

அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. சுரங்கத்தில் பெல்ட் ஓடும் இரைச்சலில் வேலை செய்தவருக்குத் தனக்கு வேண்டாததை விட்டுவிடத் தெரியும். மத்தியானத்துக்குள் ஸ்டூலை ஆணி அடித்து நிறுத்திவிட்டார். சாயங்காலத்துக்குள் என் மளிகை டப்பாக்கள் அத்தனையும் இடம் மாறியிருந்தன. அடிக்கடி எடுப்பது கைக்கெட்டும் உயரத்தில் இருக்க வேண்டுமாம், அபூர்வமாக எடுப்பது மேலே போக வேண்டுமாம். எது அடிக்கடி, எது அபூர்வம் என்று என்னைக் கேட்கவில்லை. புளி பரண்மேல் போய்விட்டது. அடுப்புக்குப் பக்கத்தில், நாற்காலி போட்ட ராஜா போல, ஜவ்வரிசி உட்கார்ந்திருந்தது.

எதிர் குவார்ட்டர்ஸ் பெண்ணிடம் சொல்லி அழுதேன். அவள் சேலத்துப் பக்கத்துப் பெண். அவள் வீட்டுக்காரரும் சுரங்கம்தான். "எங்க வீட்டுல ரிட்டயர் ஆக இன்னும் வருஷம் இருக்குதுக்கா. ஆனா இப்பவே வயித்தக் கலக்குது" என்றாள்.

ஷிஃப்ட் வேலைக்காரன் பெண்டாட்டியாக இருப்பது என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. காலை ஆறு மணி ஷிஃப்ட் என்றால் நாலு மணிக்கு நான் எழுந்து அவருக்கு டிபன் கேரியர் கட்ட வேண்டும். மத்தியான ஷிஃப்ட் என்றால் அவர் ராத்திரி பத்தரைக்கு வீடு வந்து சாப்பிட்ட தட்டைக் கழுவிய பிறகுதான் எனக்குப் படுக்கை. ராத்திரி ஷிஃப்ட் என்றால் இன்னும் மோசம். விடிந்து வந்து அவர் பகலெல்லாம் தூங்குவார். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் மிக்ஸி கிடையாது, குக்கர் விசில் கிடையாது, பிள்ளை வாய்விட்டுப் பாடம் படிக்கக்கூடாது. சத்தமே வராமல் தேங்காய் உடைக்க எனக்குத் தெரியும். துணியைச் சுற்றி, தோட்டத்துக் கடைசிக்குப் போய், மாமரத்தடியில் உட்கார்ந்து உடைக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் அவருக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். எனக்கு எல்லா வாரமும் மூன்று ஷிஃப்டும் உண்டு.

அப்படி இருந்தவள், அவர் ரிட்டயர் ஆனால் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய இன்னும் சில மாதம் அவகாசம் இருந்தது. அதற்குள் நிம்மதியாக நாலு இடம் போய்வரலாம் என்று ஆசை. நாலு இடம் என்றால் காசி ராமேஸ்வரம் இல்லை. நெல்லிக்குப்பத்தில் என் அக்கா வீடு.

சிரிக்காதீர்கள். நெய்வேலியிலிருந்து நெல்லிக்குப்பத்துக்குப் பண்ருட்டியில் ஒரு பஸ் மாறினால் போதும். காலையில் புறப்பட்டால் அக்கா வீட்டில் இட்லி சாப்பிடலாம். ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு ராத்திரிகூட நான் அங்கே தங்கியதில்லை. எந்த விசேஷமானாலும் அவருடைய ஷிஃப்டைப் பார்த்துப் போய், அவருடைய ஷிஃப்டைப் பார்த்துத் திரும்புவேன். பந்தியில் பாயசம் வருவதற்குள் பஸ்ஸுக்கு எழுந்துவிடுவேன். "ஒனக்கு எலை போட்டா பாதியில தான் மடிக்கணும்" என்று அக்கா சொல்லிக் காட்டுவாள்.

அந்த அக்காவிடமிருந்துதான் போன் வந்தது. கண்ணில் புரை முற்றிவிட்டது, ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். மாமா போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிறது. ஒரே மகன் துபாயில். ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் குனியக்கூடாது, அடுப்புப் புகை படக்கூடாது, வேளை தவறாமல் யாராவது சொட்டு மருந்து விட வேண்டும்.

"ஒன்னால முடியாதுன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டு வெக்கலாமேன்னு கேட்டேன்" என்றாள்.

அந்த "தெரியும்" எனக்குச் சுருக்கென்று குத்தியது. வருகிறேன் என்று உடனே சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். இவரை என்ன செய்வது? பையனும் வேலையாக வெளியூரில் இருக்கிறான். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இரண்டும் இருக்கிறது. ஓட்டல் சாப்பாட்டைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவருக்கோ டீ போடத் தெரியாது. டீத்தூள் எந்த டப்பாவில் இருக்கிறது என்பது தெரியும், அதை மாற்றி வைத்தவரே இவர்தான்.

விஷயத்தைச் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "தாராளமா போய்ட்டு வா. வூட்ட நான் பாத்துக்கறேன்" என்றார்.

பார்த்துக்கொள்வாராம். அவர் பார்த்துக்கொள்வதைத்தான் நானும் வந்த நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேனே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரத்தில்தான் கிரைண்டர் விவகாரம் நடந்தது. காலையில் இட்லிக்கு அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு, மத்தியானம் அரைக்கலாமென்று போனால், கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கி, சுவிட்சின்மேல் ஒரு சிவப்பு அட்டை கட்டியிருக்கிறது. 'ஆள் வேலை செய்கிறார். இயக்காதே.' அவருடைய கையெழுத்து. சுரங்கத்திலிருந்து அவர் கொண்டுவந்த சொத்து இந்தப் புத்தி ஒன்றுதான். கிரைண்டர் பெல்ட் கீச்சென்று கத்துகிறது என்று காலையில் சொல்லிக்கொண்டிருந்தார். மாற்றுகிறேன் என்று அட்டையைக் கட்டிவிட்டுப் புது பெல்ட் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டார். போனை சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தார். நான் கூப்பிடக் கூப்பிட அது கூடத்தில் கிடந்து அலறியது.

எதிர் வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "அட்டையக் கழட்டிப் போட்டுட்டு அரைங்கக்கா" என்று சொல்ல வாயெடுத்தவள், பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். அவளும் சுரங்கத்து வீட்டுப் பெண்தானே. சிவப்பு அட்டையைக் கட்டியவன்தான் கழட்ட வேண்டும். வேறு யாரும், பெரிய என்ஜினீயரே வந்தாலும், தொடக்கூடாது. உள்ளே ஓர் ஆள் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது வெளியே ஒருவன் சுவிட்சைப் போட்டால் என்ன ஆகும் என்பதைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த ஊரில் நாங்கள் சோறு ஆக்கியிருக்கிறோம். கிரைண்டருக்குள் யாரும் குனிந்திருக்கவில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் கை நீளவில்லை. எவ்வளவு பைத்தியக்காரத்தனம் பாருங்கள். என் கிரைண்டர், என் வீடு, என் உளுந்து. ஓர் அட்டைக்குப் பயந்து முக்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

"எங்க வீட்டுல வந்து அரைச்சிக்கங்க" என்று அவள் கூப்பிட்டாள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கும் ரோஷம் இருக்கிறது. மனிதர் வந்து பார்க்கட்டும்.

மனிதர் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார். கடைத்தெருவில் பழைய ஷிஃப்ட் ஆட்கள் நாலு பேரைப் பார்த்தாராம், ஒரு டீ இரண்டு டீயாகிவிட்டதாம். வாங்கிவந்த பெல்ட் ஒரு சைஸ் சிறியது. பாத்திரத்தில் உளுந்து நுரைத்துப் புளித்த வாடை வந்துகொண்டிருந்தது. அவர் உளுந்தைப் பார்க்கவில்லை. அட்டையைப் பார்த்தார். முகம் மலர்ந்துபோயிற்று.

"தொடலயா நீ? சபாஷ்! இதுக்குப் பேருதான் டிசிப்ளின்."

அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை.

"மைன்ஸ்ல ரிலீவர் வராம மெஷின உட்டு எறங்க மாட்டோம்னு பெருமை பேசுவீங்களே, எத்தினி நாளு அதச் சொல்லிட்டு லேட்டா வந்திருப்பீங்க! நான் எந்த ஷிஃப்டுல எறங்கினேன்? எனக்கு எவ ரிலீவர் வந்தா? வந்த நாள்லேருந்து இந்த அடுப்பு முன்னாடி நின்னுகினே இருக்கேன், இதுல டிசிப்ளின் பாடம் வேற எனக்கு!"

ரிலீவர் என்றால் அடுத்த ஷிஃப்டுக்கு வந்து நம்மை விடுவிக்கிற ஆள். ஓடுகிற பெல்ட்டை அப்படியே விட்டுவிட்டு ஒருவன் போய்விட முடியாது. அடுத்தவன் வந்து நின்று, என்ன ஓடுகிறது, எது நின்றிருக்கிறது, எதில் கண் வைக்க வேண்டும் என்று கேட்டு, ஹேண்டோவர் வாங்கிக்கொண்ட பிறகுதான் இவன் இறங்கலாம். வராவிட்டால் இன்னொரு ஷிஃப்ட் முழுக்க நிற்க வேண்டியதுதான், அதற்குப் பேர் ஓ.டி.

அன்று ராத்திரி உப்புமா. சண்டைக்கு ஏற்ற பலகாரம்தான். இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்.

மறுநாள் மத்தியானம் இரண்டு மணி. சாப்பாட்டுக் கடை முடிந்து மேடையைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். வாசலில் நிழல் தட்டுகிறது. திரும்பிப் பார்த்தால் குளித்து, தலை வாரி, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார். ரிட்டயர் ஆன அன்று மடித்து வைத்த சட்டை.

"ரிலீவர் வந்திருக்கேன். ஹேண்டோவர் குடு."

கிண்டல் செய்கிறார் என்று நினைத்துத் துடைக்கிற துணியை ஓங்கிவிட்டேன். முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. வேலைக்குப் போகும்போது இருக்கிற அதே முகம். வேலியில் போன ஓணானை எடுத்து நானே மடியில் விட்டுக்கொண்டேன்.

"சொல்லு. இப்ப என்னா ஓடிகினு இருக்கு?"

"ஒண்ணும் ஓடல. நாலு மணிக்குப் பாலு காய்ச்சணும்."

"எவ்ளோ நேரம்?"

"காயிற வரைக்கும்."

"காஞ்சதுன்னு எப்படித் தெரியும்?"

"பொங்கும்."

"பொங்கினா கொட்டிடுமே."

"பொங்கறதுக்கு முன்னாடி நிறுத்தணும்."

"முன்னாடின்னா?"

இப்படி ஒரு மனிதனிடம் மாட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள்? ரசத்துக்கு உப்பு எவ்வளவு என்றார். கொஞ்சம் என்றேன். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்றார். கையில் அள்ளிக் காட்டினேன். என் கை உன் கையைவிடப் பெரிசு என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான், அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. இத்தனை காலம் சமைத்தவளுக்கு ஒரு ரசத்தைச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை. எல்லாம் கைக்குத் தெரிகிறது, வாய்க்குத் தெரியவில்லை.

முதல் நாள் பால், ஹீட்டரின் மேல் பொங்கி வழிந்து கம்பிச் சுருள் புகைந்தது. கரண்ட் மலிவாக இருந்த காலத்துப் பழக்கம், இந்த ஊரில் எங்களுக்கு இன்னமும் பாலுக்கு ஹீட்டர்தான். இரண்டாம் நாள் தோசைக்கல்லைப் பிடிக்க சுரங்கத்துத் தோல் கையுறையை மாட்டிக்கொண்டு வந்தார். மூன்றாம் நாள் கடுகைப் போட்டுவிட்டுப் பின்வாங்கி, வெடி வைத்த இடத்தைப் பார்க்கிறாற்போல் கதவோரமாக நின்று பார்த்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பின்னாலேயே நின்று, அது இல்லை இது, அப்படி இல்லை இப்படி என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

அவர் அடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"ரிலீவர் வந்தப்பறமும் பழைய ஆளு மெஷின் கிட்டயே நின்னுகினு இருந்தா ரெண்டு பேருக்கும் ஆபத்து. எறங்கு நீ."

"நீங்க கருக்கிடுவீங்க."

"கருக்கறேன். எறங்கு."

வெளியே போய்த் தோட்டத்தில் மாமரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வேலியோரத்து முருங்கை இலை மேலே உதிர்ந்தால்கூட அதை ஆய்ந்துகொண்டிருக்கலாம், அதுவும் உதிரவில்லை. உள்ளே ஏதோ தாளிக்கிற சத்தம். கறிவேப்பிலை தீய்கிற வாடை. எழுந்து போனேன். துரத்திவிட்டார். சும்மா தண்ணீர் குடிக்கிறாற்போல் மறுபடி போனேன். துரத்திவிட்டார். அடுத்த தடவை போனபோது சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாளில் சிவப்பு அட்டை தொங்கியது. 'ஆள் வேலை செய்கிறார். இயக்காதே.'

என் சமையலறைக்கு வெளியே நின்று அதைப் படித்தேன். தள்ளினால் திறந்துவிடும். உள்தாழ்ப்பாள்கூடப் போடவில்லை. திட்டிக்கொண்டே திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அன்றைக்குச் சோறு குழைந்திருந்தது. ரசத்தில் உப்பே இல்லை. ஆனால் தட்டில் போட்டு என் எதிரே அவர் கொண்டுவந்து வைத்தார். நான் ஆக்காத சோற்றை என் வீட்டில் உட்கார்ந்து நான் சாப்பிடுவது அதுதான் முதல் தடவை. அதை அவரிடம் காட்டிக்கொள்ளாமல் "உப்பு எங்க?" என்று அதட்டினேன்.

புறப்படுகிற நாள் வந்தது. கைப்பையோடு கேட் அருகே நிற்கிறேன். இவர் விடவில்லை, முழுசாக ஹேண்டோவர் வேண்டுமாம். சொன்னேன். ஃபிரிட்ஜ் கதவைத் தூக்கிச் சாத்த வேண்டும். பின்பக்கக் குழாயை இறுக்கித் திருகினால் ஒழுகும், தளர்த்தித் திருகினால் ஒழுகாது. சாயங்காலம் ஜன்னல் வழியாக ஒரு பூனை வரும், பால் பாத்திரத்தை மூட வேண்டும். கறிவேப்பிலைச் செடிக்குப் புளித்த மோர் ஊற்ற வேண்டும். ரத்தக்கொதிப்பு மாத்திரை காலையில் சாப்பாட்டுக்குப் பின், மறக்கக்கூடாது. ஒவ்வொன்றையும் அவர் திருப்பிச் சொன்னார். அது விதியாம். வாங்கிக்கொள்கிறவன் திருப்பிச் சொன்னால்தான் கொடுத்ததாகக் கணக்கு. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். பூனை விஷயத்தை அவர் உரக்கத் திருப்பிச் சொன்னபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அக்கா வீட்டில் வேலை ஒன்றும் பெரிதில்லை. வேளைக்கு மருந்து விட வேண்டும், சமைக்க வேண்டும், அவளைக் குனியவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மகாராணி மாதிரி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான்தான் நிலைகொள்ளாமல் அலைந்தேன். காலை ஆறு, மத்தியானம் இரண்டு, ராத்திரி பத்து என்று ஷிஃப்ட் மாறுகிற நேரத்துக்கு அவரிடமிருந்து போன் வரும். "எல்லாம் நார்மலா ஓடிகினு இருக்கு" என்பார். நான் விடமாட்டேன். மாத்திரை போட்டீங்களா, கேஸை மூடினீங்களா, பூனை வந்ததா, பாலை மூடினீங்களா என்று குடைவேன். "எல்லாத்துக்கும் ஒரே பதில்தான், நார்மல்" என்று வைத்துவிடுவார்.

ஒரு நாள் இரண்டு மணிக்குப் போன் வரவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. சர்க்கரை இறங்கி விழுந்துவிட்டாரோ, ஹீட்டரில் கையை வைத்துவிட்டாரோ. பையை எடுத்துத் துணியை அடைக்க ஆரம்பித்துவிட்டேன். அக்கா கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமான பாதி இலைதானே என்பது போல் இருந்தாள். கடைசியாக எதிர் வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"நல்லாத்தான் இருக்காருக்கா. கிரைண்டருல மாவு ஆட்டிக்கிட்டு இருக்காரு. அந்தச் சத்தத்துல போன் கேக்கல போலிருக்குது" என்றாள்.

புது பெல்ட் மாட்டிவிட்டாரா? மாவே ஆட்டுகிறாரா? எனக்கு நிம்மதி வர வேண்டிய இடத்தில் கோபம் வந்தது. நான் இல்லாவிட்டால் அந்த வீடு நின்றுவிட வேண்டும் என்று உள்ளுக்குள் நினைத்திருக்கிறேன். நிற்கவில்லை. ஓடுகிறது.

அக்கா சிரித்துவிட்டாள். "கறுப்புக் கண்ணாடி போட்டுகினு இருக்கற எனக்கே தெரியுது, ஒனக்குத் தெரியலியாடி? அவரு செய்யலன்னாலும் கோவம், செஞ்சாலும் கோவம். பைய எடுத்து வெச்சிட்டு வந்து மருந்து உடு."

மருந்து விட்டேன். அந்த வாரம் முழுக்க இருந்தேன். அக்கா வீட்டுப் பாயசத்தை முதல் தடவையாகக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். சர்க்கரை ஆலை இருக்கிற ஊர், சர்க்கரையை அள்ளிப் போட்டிருந்தாள்.

திரும்புகிற நாளில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். நேரம் பார்த்து ஆலைக்குக் கரும்பு ஏற்றிவந்த டிராக்டர் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. பஸ் அனுமார் வால் மாதிரி நீண்ட வரிசையில் நின்றுவிட்டது. சொல்லலாமென்றால் என் போனில் சார்ஜ் இல்லை. பண்ருட்டியில் அடுத்த பஸ் பிடித்து, முத்தாண்டிக்குப்பம் தாண்டும்போதே வெயில் போய்விட்டது. டவுன்ஷிப்புக்குள் வரும்போது தெருவிளக்கு எரிந்தது.

வாசல் கதவு திறந்திருந்தது. சமையலறையில் விளக்கு. காக்கிச் சட்டையோடு மேடைமேல் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். மத்தியானம் ஆக்கிய சோறும் குழம்பும் மூடினபடி அப்படியே இருந்தன. கழுவிய தட்டில் ஈரம்கூட இல்லை.

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "சர்க்கரைய வெச்சிகினு இந்நேரம் வரைக்கும் பட்டினியா நிப்பாங்களா? ஒக்காந்து ரெண்டு வாய் சாப்பிட்டா என்னா? கொஞ்சமாவது அறிவு இருக்குதா?"

"ரிலீவர் வரலியே. நீ வந்துடறேன்னு சொன்ன. எப்ப வருவியோன்னு குழம்ப சூடு பண்ணிப் பண்ணி வெச்சிகினே இருந்தேன். நின்னு நின்னு முதுகு உட்டுப் போச்சு."

முதுகைப் பிடித்துக்கொண்டு அவர் மேடையைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மைன்ஸ்ல ரிலீவர் வரலன்னா அன்னிக்கு ஒரு நாளு திட்டிகினே நிப்பேன். மறுநாளு அவன் வந்துடுவான். ஒனக்கு..." என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன், அது வந்தபோது வாங்கிக்கொள்ளத் தெரியாமல் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் பார்க்கவில்லை, அல்லது பார்க்காதது போல் இருந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஹேண்டோவரை ஆரம்பித்துவிட்டார்.

"கிரைண்டர் ஓடுது. ஹீட்டர் ஓடுது. மிக்ஸி சின்ன ஜாரு ஒடஞ்சி போச்சு. ஃபிரிட்ஜ் கைப்பிடி கையோட வந்துடுச்சு. பூனை ஒரு நாளு தயிர நக்கிடுச்சு, அத நான் போன்ல சொல்லல. புளி டப்பாவ பழைய எடத்துலயே வெச்சிட்டேன். அது அடிக்கடி எடுக்கறதுதான். திருப்பிச் சொல்லு."

ஜார் உடைந்திருக்கிறது, கைப்பிடி போயிருக்கிறது, நார்மல் நார்மல் என்று வாரம் முழுக்க என்னிடம் புளுகியிருக்கிறார். வழக்கமாக இருந்தால் முந்தானையைச் செருகிக்கொண்டு நேரே அடுப்பு முன்னால் போய் நின்றிருப்பேன். கால் அந்தப் பக்கம்தான் இழுத்தது.

"திருப்பிச் சொல்ல மாட்டேன்" என்றேன்.

"ஏன்?"

"இன்னிக்கு ரிலீவர் லீவு. நீங்க ஓ.டி. பாருங்க. மொதல்ல ஒங்களுக்கு ஒரு தட்டு போட்டுகினு வாங்க, எனக்கும் ஒண்ணு."

பையைக் கீழே வைத்துவிட்டு, ஆணி அடித்து ஆடாமல் நிற்கிற அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் தட்டுகளை எடுத்தார். எனக்கு முதலில் போட்டார், தனக்கு அப்புறம். ஒரு வாய் எடுத்து வைத்தேன். குழம்பில் உப்பு இல்லை.

உப்பு டப்பா எனக்குக் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எழ வேண்டியதுகூட இல்லை, சாய்ந்தாலே போதும்.

"உப்பு எடுங்க" என்று சொல்லிவிட்டு, கையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.